மில்லுக்கு மனசு இல்லையா, கணக்கு கட்டுப்படலையா?



கொஞ்ச நாளா ஒரு பேச்சு சுத்திக்கிட்டு இருக்கு. டி.வி. விவாதத்துல கோட்டு போட்ட பொருளாதார நிபுணர் சொல்றார். வாட்ஸ்அப்புல ஃபார்வர்டா வருது. "இந்தியாவோட சிறு தொழில்கள் டிஜிட்டலுக்கு மாறத் தயாரா இல்ல. சின்ன முதலாளிகளுக்குப் புதுசுன்னாலே பயம். தொழிலாளிகளுக்குப் படிப்பு இல்ல. தொழிற்சங்கம் இருக்கிற இடத்துல எந்திரத்தையே உள்ள விட மாட்டாங்க. அப்புறம் எப்படி முன்னேறும்?"

கேட்க நல்லாத்தான் இருக்கு. குற்றவாளி யார்னு சுலபமா முடிவு பண்ணியாச்சு. அரசின் கொள்கை தப்பிச்சது, வங்கி தப்பிச்சது, பெரிய கம்பெனி தப்பிச்சது. பழி முழுக்க மில்லுக்காரர் மேலயும் மில் தொழிலாளி மேலயும்.

இந்தப் பேச்சை நம்புற நம்ம நண்பர்களும் இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. பொறுமையா முழுசும் படிங்க. கோபப்படுறதுக்கு முன்னாடி கணக்குப் பார்ப்போம்.

திண்டுக்கல்லிலிருந்து கரூர் ரோட்டைப் பிடிச்சு வடக்கே போங்க. தாடிக்கொம்பு வரும். வெளியூர்க்காரங்களுக்கு அது சௌந்தரராஜப் பெருமாள் கோயில் சிற்பத்துக்காகத் தெரிஞ்ச ஊர். நமக்கு அது ஷிப்ட் பஸ் நிக்கிற ஊர். அகரம், வேடசந்தூர் பக்கம் வரைக்கும் நூற்பாலைகள். காலை ஷிப்ட், பகல் ஷிப்ட், நைட் ஷிப்ட்னு இந்தப் பகுதியோட பொழுதே மில்லு மணியிலதான் ஓடுது. விவசாயம் கைவிட்ட குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்த மில்லுகள்தான். அதுல வேலை பார்க்கிற பெண்களோட உழைப்புதான்.

அந்த மில்லுக்குள்ள "தொழில் 4.0"ன்னா என்ன? 2011இல் ஜெர்மனியின் ஹனோவர் தொழிற்கண்காட்சியில் அறிமுகமான பேரு அது. எந்திரத்துல சென்சார் வைக்கிறது, சென்சாரை நெட்வொர்க்கில் இணைக்கிறது, வர்ற தகவலை வச்சு முடிவெடுக்கிறது. இவ்வளவுதான் அடிப்படை. ரோபோ நடந்து வரும்னு யாரும் கற்பனை பண்ண வேண்டாம்.

ரிங் ஃபிரேம்ல ஆயிரக்கணக்கான கதிர்கள் சுத்துது. ஒரு கதிர்ல நூல் அறுந்தா, சைடர் அக்கா நடந்து வந்து கண்ணால பார்த்து ஒட்டுற வரைக்கும் பஞ்சு நியூமாஃபில் குழாய்க்குள்ள போய்க்கிட்டே இருக்கும். அது கழிவு. ஒவ்வொரு கதிருக்கும் சென்சார் வச்சா, எந்த ஃபிரேம்ல எந்தக் கதிர் அறுந்தது, எந்தக் கதிர் திரும்பத் திரும்ப அறுகுது, எது மெதுவா சுத்துதுன்னு திரையில தெரியும். ஈரப்பத பிளான்ட் மோட்டாருக்கு இன்வெர்ட்டர் டிரைவ் போட்டா, தேவைக்கு ஏத்த வேகத்துல ஓடி கரண்ட் மிச்சமாகும். எந்திரத்துக்கு ஒரு மீட்டர் வச்சா, எது கரண்ட்டை அதிகமா குடிக்குதுன்னு தெரியும். பேரிங் தேயுறதை அது உடையறதுக்கு முன்னாடியே அதிர்வை வச்சுக் கண்டுபிடிக்கலாம்.

இதெல்லாம் அமெரிக்காவுல மட்டும் கிடைக்கிற ரகசியமா? இல்ல. நூற்பு எந்திரம் தயாரிக்கிற லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962இல் கோவையில் தொடங்கின கம்பெனி. தாடிக்கொம்பிலிருந்து சில மணி நேரப் பயணம். ஜவுளி ஆராய்ச்சிக்கான சிட்ரா அமைப்பும் 1956லிருந்து கோவையில்தான் இருக்கு. எந்திரம் பக்கத்துல, அறிவு பக்கத்துல, தேவையும் இருக்கு. அப்புறம் ஏன் சின்ன மில்லுக்குள்ள வர மாட்டேங்குது?

"மனசு இல்ல"ன்னு சொல்றவங்களுக்கு முதல் பதில், காற்றாலை.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனவங்க பார்த்திருப்பீங்க. கண்ணுக்கெட்டின தூரம் காற்றாலைகள். அதுல பெரிய பங்கு போட்டது யாரு? தமிழ்நாட்டு ஜவுளி மில்லுகள்தான். பஞ்சும் நூலும் மட்டுமே தெரிஞ்ச ஆளுங்க, அது வரைக்கும் பார்த்தே இராத ஒரு தொழில்நுட்பத்துல, வேற மாவட்டத்துல, கோடிக்கணக்குல பணம் போட்டாங்க. எதனால? வருமான வரியில விரைவுத் தேய்மானச் சலுகை இருந்தது. உற்பத்தியான மின்சாரத்தை மின்வாரியக் கம்பி வழியா தன் மில்லுக்குக் கொண்டுவர அனுமதி இருந்தது. மிச்ச மின்சாரத்தைச் சேமிச்சு வச்சுக்க வழி இருந்தது. கணக்கு கட்டுப்படி ஆச்சு, போட்டாங்க.

பழமைவாதின்னு சொல்ற அதே ஆளுதான் நாட்டுக்கே முன்னோடியா காற்றாலை வச்சவர். மனசு அன்னைக்கும் இருந்தது, இன்னைக்கும் இருக்கு. மாறினது கணக்குதான்.

அந்தக் கணக்கைப் போட்டே பார்ப்போம். நான் இன்ஜினீயரிங் படிச்சவன், எண்ணில்லாம பேசினா எனக்கே தூக்கம் வராது. இது எடுத்துக்காட்டுக்கு எடுத்துக்கிட்ட எண்கள்தான், எந்த மில்லோட பேலன்ஸ் ஷீட்டும் இல்ல. உங்களுக்குத் தெரிஞ்ச மில்லோட எண்ணை வச்சு நீங்களே மாத்திப் போட்டுக்கலாம்.

ஒரு சின்ன மில்லு. மாசக் கரண்ட் பில் 30 லட்ச ரூபாய். சென்சார், மீட்டர், டிரைவ், சாஃப்ட்வேர் எல்லாம் சேர்த்து 60 லட்ச ரூபாய் செலவு. கடன் வாங்குறார். வட்டி 11 சதவீதம், 5 வருஷத்துல கட்டணும். முதல் வருஷம் அசல் 12 லட்சம், வட்டி 6 லட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 18 லட்சத்து 60 ஆயிரம். மாசத்துக்கு 1 லட்சத்து 55 ஆயிரம்.

வரவு என்ன? கரண்ட்ல 3 சதவீதம் மிச்சமாச்சுன்னு வைங்க. மாசம் 90 ஆயிரம். கழிவு குறையும், தரம் கூடும், அதுலயும் கொஞ்சம் வரும். ஆனா அது நூல் விலை நல்லா இருந்தா, மில்லு முழுசா ஓடினா. கட்ட வேண்டிய 1,55,000 உறுதி. வர வேண்டிய 90,000 ஒரு நம்பிக்கை. பஞ்சு விலை ஏறினாலும் தவணை நிக்காது, நூல் தேங்கினாலும் தவணை நிக்காது.

இந்த நிலைமையில "வேண்டாம், அடுத்த வருஷம் பார்ப்போம்"னு சொல்றவர் முட்டாளா? கணக்குத் தெரிஞ்சவர், தோழர்களே!

இப்போ இதே எந்திரத்துக்கு அரசு பாதிச் செலவை ஏத்துக்கிட்டா? கடன் 30 லட்சம். அசல் 6 லட்சம், வட்டி 3 லட்சத்து 30 ஆயிரம். மாசத்துக்கு 77,500. மிச்சமாகிற 90,000லயே தவணையைக் கட்டிட்டு மேல 12,500 கையில நிக்கும். எந்திரம் அதேதான், முதலாளி அவரேதான், தொழிலாளியும் அவங்களேதான். கணக்கு மாறினா முடிவு மாறுது.

"பாதி மானியமா? எந்த நாட்டுல கொடுக்கிறாங்க?"ன்னு கேட்பீங்க. தென் கொரியாவுல கொடுத்தாங்க. 2022க்குள்ள 30,000 ஸ்மார்ட் ஃபேக்டரின்னு இலக்கு வச்சு, சிறு, நடுத்தர ஆலைகளோட செலவுல பாதி வரைக்கும் அரசு ஏத்துக்கிட்டது. சாம்சங் மாதிரி பெரிய கம்பெனிகளையும் சின்ன ஆலைகளுக்கு உதவ உள்ள இழுத்தாங்க. இலக்கை எட்டினாங்க. சந்தைதான் எல்லாத்தையும் பார்த்துக்கும்னு நமக்கு வகுப்பெடுக்கிறவங்க, கொரியா பேரைச் சொல்லும்போது இதை மட்டும் சொல்ல மாட்டாங்க.

இங்க என்ன நடந்தது? தேதியோட சொல்றேன், சேமிச்சு வச்சுக்கோங்க.

1999 ஏப்ரலில் ஜவுளித் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் வந்தது. எந்திரம் வாங்குற கடனுக்கு 5 சதவீத வட்டியை அரசு திருப்பிக் கொடுத்தது. மில்லுகள் வரிசையில நின்னு எந்திரம் வாங்கின காலம் அது. 2016 ஜனவரியில் அதே திட்டத்தைத் திருத்தி வெளியிட்டாங்க. ஆயத்த ஆடைக்கு உண்டு, நெசவுக்கு உண்டு, நூற்பாலைக்குப் புது மானியம் கிடையாது. 2022 மார்ச் 31ஆம் தேதியோட அந்தத் திட்டத்துக்கும் மூடுவிழா.

சிறு தொழில்களுக்கு இன்னொரு திட்டம் இருந்தது. எந்திரம் புதுப்பிக்க வாங்குற கடன்ல, 1 கோடி ரூபாய் வரைக்கும் 15 சதவீதம் மூலதன மானியம். 2020 மார்ச்சோட அதுவும் முடிஞ்சது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கான பிரிவு மட்டும் தொடர்ந்தது.

அந்த இடத்துல என்ன கொண்டுவந்தாங்க? 2021இல் ஜவுளிக்கு உற்பத்தி சார்ந்த ஊக்கத் திட்டம். 10,683 கோடி ரூபாய்! தலைப்புச் செய்தி, கைதட்டல். உள்ள போய்ப் படிச்சா, செயற்கை இழைத் துணி, செயற்கை இழை ஆடை, தொழில்நுட்ப ஜவுளிக்கு மட்டும். பருத்தி நூலுக்கு இடமில்ல. குறைந்தபட்ச முதலீடு ஒரு பிரிவுல 300 கோடி, இன்னொரு பிரிவுல 100 கோடி. போதுமான ஆள் வரலைன்னதும் 2025இல் அதை 150 கோடி, 50 கோடின்னு பாதியாக்கினாங்க. 60 லட்சத்துக்கு அல்லாடுற தாடிக்கொம்பு மில்லுக்காரர் 50 கோடிக்கு எங்க போவார்?

புரியுதா தோழர்களே? சின்னவங்களுக்கு இருந்த ஏணியை எடுத்தாச்சு. பெரியவங்களுக்கு லிப்ட் வச்சாச்சு. அப்புறம் டி.வி.யில உட்கார்ந்துக்கிட்டு "இவங்களுக்கு மேல ஏற மனசில்ல"ன்னு சொல்றாங்க!

அறிவைப் பரப்புற மையங்களையும் பாருங்க. ஒன்றிய அரசின் கனரகத் தொழில் அமைச்சகம் "சமர்த் உத்யோக் பாரத் 4.0"ன்னு ஒரு திட்டம் போட்டது. தொடக்கத்தில் அமைச்ச மையங்கள் 4. புனேயில் 1, டெல்லியில் 1, பெங்களூருவில் 2. நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலை இருக்கிற மாநிலம்னு பேரெடுத்த தமிழ்நாட்டுக்கு அந்த நாலுல ஒண்ணுகூட இல்ல.

அடுத்தது கரண்ட். இங்க மாநில அரசையும் விட முடியாது. நட்பு வேற, நியாயம் வேற.

2022 செப்டம்பர் 10 முதல் உயரழுத்த மின் இணைப்புக்கான டிமாண்ட் சார்ஜ் ஒரு கே.வி.ஏ.வுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ரூபாய் ஆச்சு. அதுக்கு அப்புறமும் ஏறிச்சு. கரண்ட் எவ்வளவு எடுக்கிறோமோ அதுக்கான கட்டணம் தனி. இது இணைப்பு வச்சிருக்கிறதுக்கே கட்டுறது. மில்லு ஓடலைன்னாலும் ஒப்பந்த அளவுல 90 சதவீதத்துக்குக் கட்டியாகணும். 700 கே.வி.ஏ. இணைப்பு வச்சிருக்கிற மில்லுக்கு, அந்த 200 ரூபாய் உயர்வு மட்டும் மாசத்துக்குக் குறைஞ்சது 1,26,000 ரூபாய் கூடுதல் செலவு.

மேல போட்ட கணக்குக்குத் திரும்பிப் போங்க. 60 லட்சம் செலவழிச்சு, சென்சார் வச்சு, கஷ்டப்பட்டு மிச்சம் பிடிக்கிறது 90,000. ஒரே உத்தரவுல போனது 1,26,000. நவீனமாகி மிச்சம் பிடிக்கிற காசு முழுக்கப் போய், மேல 36,000 கையிலிருந்து போகுது. மின்வாரியக் கடன், ஒன்றிய அரசின் நிபந்தனைன்னு காரணம் சொன்னாங்க. ஒன்றிய அரசு கழுத்தைப் பிடிச்சது உண்மைதான். அதுக்காக அந்தச் சுமையைச் சின்ன ஆலைகள் தலையில இறக்கினது சரியாகிடாது.

விளைவு என்னாச்சு? 2023 ஜூலை 15 முதல் சிறு நூற்பாலைகள் உற்பத்தியை நிறுத்துறதா சங்கம் அறிவிச்சது. அதே வருஷம் செப்டம்பர் 25 அன்னைக்கு, மின் கட்டணத்தை எதிர்த்து மாநிலம் முழுக்கச் சிறு தொழில்கள் ஒருநாள் கதவடைப்பு பண்ணின. பஞ்சு இறக்குமதிக்கு 2021 பட்ஜெட்டில் 11 சதவீத வரி. 2022இல் கொஞ்ச நாள் தள்ளுபடி, திரும்ப வரி, 2025 ஆகஸ்டில் திரும்பத் தள்ளுபடி. பருத்தி விவசாயிக்கு நல்ல விலையும் உறுதியில்ல, மில்லுக்கு நிலையான பஞ்சு விலையும் உறுதியில்ல. அதே 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் திருப்பூரோட ஆர்டர் ஆடிச்சு, நூல் விக்கிற இடமே ஆடிச்சு. இன்னைக்கு ஷிப்ட் ஓடுமான்னு தெரியாத ஆளுகிட்ட போய், 5 வருஷத்துக்கான டிஜிட்டல் திட்டம் எங்கன்னு கேட்கிறாங்க.

விற்ற நூலுக்குப் பணம் எப்ப வரும்? அதுவும் ஒரு காரணம். சிறு தொழில்கிட்ட வாங்கின சரக்குக்கு 45 நாளைக்குள்ள பணம் கொடுக்கலைன்னா வாங்கினவருக்கு அந்த வருஷம் வருமான வரியில அந்தச் செலவைக் கழிக்க முடியாதுன்னு 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனா அது குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும். நடுத்தர மில்லு அதுல வராது. சட்டத்தைக் காட்டிப் பணம் கேட்டா அடுத்த ஆர்டர் போயிடும்னு பயப்படுறவங்களும் இருக்காங்க. கையில காசு சுழலாத இடத்துல எந்தத் தொழில்நுட்பமும் சுழலாது.

இப்போ இரண்டாவது பழிக்கு வருவோம். "சங்கம் இருந்தா எந்திரம் வராது."

தொழில் 4.0ன்னு பேரு வச்ச ஜெர்மனியிலேயே சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? தொழிலாளியோட நடத்தையையோ வேலைத்திறனையோ கண்காணிக்கிற எந்தத் தொழில்நுட்பக் கருவியா இருந்தாலும், தொழிலாளர் குழு உள்ள ஆலையில அந்தக் குழுவோட சம்மதம் இல்லாம வைக்க முடியாது. 1972லிருந்து இருக்கிற சட்டம்! ஐம்பது வருஷமா தொழிலாளிகிட்ட கேட்டுத்தான் வைக்கிறாங்க. ஜெர்மனி பின்தங்கிடுச்சா? அங்க தொழிலாளி எந்திரத்தைப் பார்த்துப் பயப்படாததுக்கு ஒரு காரணம், அந்த எந்திரத்தால என்ன பண்ணலாம், என்ன பண்ணக்கூடாதுன்னு எழுத்துல இருக்கு.

இங்க என்ன நிலைமை? கதிருக்குக் கதிர் சென்சார் வச்சா, எந்தக் கதிர் அறுந்ததுன்னு மட்டும் தெரியாது. எந்த அக்கா எத்தனை நிமிஷத்துல வந்து ஒட்டினாங்க, எத்தனை தடவை பாத்ரூம் போனாங்கன்னும் கணக்கு எடுக்க முடியும். எந்திரத்தோட கோளாறைப் பார்க்க வச்ச கண்ணு, தொழிலாளியோட மூச்சை எண்ண ஆரம்பிச்சா என்ன ஆகும்? ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டுவாங்க, ஆளைக் குறைப்பாங்க. தொழிலாளி எதிர்க்கிறது சென்சாரை இல்ல, இந்த வேலைப்பளுவைத்தான்.

பயம் வீண் பயம்னு சொல்ல முடியுமா? 2025 நவம்பர் 21 அன்னைக்கு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமல்படுத்தினாங்க. 100 பேருக்கு மேல வேலை பார்க்கிற ஆலையில ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேணும்னு இருந்ததை 300 பேருன்னு உயர்த்தினாங்க. 250 பேர் வேலை பார்க்கிற மில்லுல நாளைக்கு எந்திரத்தைக் காட்டி 50 பேரை அனுப்பினா, கேட்க அரசாங்கம் வராது. இந்தச் சட்டத்தையும் கொடுத்துட்டு, "தொழிலாளி ஏன் புதுசை வரவேற்க மாட்டேங்கிறான்"னு கேட்கிறது எந்த ஊரு நியாயம்?

2023 ஏப்ரலில் மாநிலச் சட்டமன்றத்திலேயே 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறிச்சு. சங்கங்கள் கொந்தளிச்சதும் மே தினத்தன்னைக்கு வாபஸ் அறிவிப்பு வந்தது. போராடினா மாறும்கிறதுக்கு அது சாட்சி.

நம்ம மாவட்டத்திலேயே இன்னொரு சாட்சியும் இருக்கு. 2022 ஏப்ரலில் கையெழுத்தான "திண்டுக்கல் ஒப்பந்தம்". ஒரு ஏற்றுமதி நிறுவனத்தோட ஆலைகள்ல பெண் தொழிலாளர்கள் மேல நடக்கிற பாலியல் வன்முறையையும் துன்புறுத்தலையும் தடுக்க, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி வாங்கின ஒப்பந்தம். ஹெச் அண்ட் எம், கேப், பி.வி.ஹெச். மாதிரி உலக பிராண்டுகள் அதுல கட்டுப்பட்டாங்க. வாங்குறவன் அழுத்தம் கொடுத்தா ஆலை மாறும்னு அது காட்டிச்சு. அந்த அழுத்தத்தைத் தொழிலாளி பக்கம் திருப்பினது சங்கம்.

இதை ஏன் சொல்றேன்னா, அடுத்த அழுத்தமும் வாங்குறவன்கிட்டேயிருந்துதான் வருது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை 18 முதல் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியிருக்கு. பொருளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட். முன்னுரிமைப் பட்டியல்ல ஜவுளியும் இருக்கு. ஒரு சட்டையை ஸ்கேன் பண்ணினா அதோட பின்னணித் தகவல் தெரியணும்கிற திசையில உலகம் போகுது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கிட்ட கேட்பாங்க. அவர் நூல் கொடுத்த மில்லுகிட்ட கேட்பார். தகவல் கொடுக்க முடியாத மில்லு ஏற்றுமதிச் சங்கிலியிலிருந்து கழன்று விழும். பெரிய மில்லுகள் சமாளிச்சுக்கும். சின்ன மில்லு விழுந்தா தாடிக்கொம்பு, அகரம், வேடசந்தூர்ல எத்தனை வீட்டு அடுப்பு அணையும்? அதனாலதான் இது நம்ம பிரச்சினை. முதலாளியோட லாபத்துக்காக நாம பேசலை. ஷிப்ட் நிக்கக்கூடாதுன்னு பேசுறோம்.

சரி, தீர்வு என்ன? அதுவும் நம்ம ஊரு வரலாற்றுலேயே இருக்கு.

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் தீர்ப்பு சொன்னது. தோல் தொழிற்சாலைக் கழிவு பத்தின அந்தத் தீர்ப்புல, அன்னைக்கு "திண்டுக்கல் அண்ணா"ன்னு பேரு இருந்த நம்ம மாவட்டமும் உண்டு. கழிவைச் சுத்திகரிக்கலைன்னா ஆலையை மூடணும். ஒரு சின்னத் தோல் ஷாப்பு தனியா சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியுமா? முடியாது. அதனால பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அரசு மானியம், வங்கிக் கடன், உறுப்பினர் பங்குத் தொகை, எல்லாம் சேர்ந்து ஒரு நிலையம், பல தொழிற்சாலைக்குச் சேவை. எல்லாக் குறையும் தீர்ந்துடுச்சுன்னு சொல்லலை. கெட்டுப்போன கிணத்துக்காரங்ககிட்ட கேட்டா கதை கதையா சொல்லுவாங்க. ஆனா தனித்தனியா முடியாத தொழில்நுட்பத்தைச் சேர்ந்து கொண்டுவர முடியும்னு திண்டுக்கல் ஏற்கெனவே பார்த்தாச்சு.

கழிவு நீருக்குப் பொது நிலையம்னா, டிஜிட்டலுக்கும் ஏன் பொது நிலையம் கூடாது?

பூட்டுத் தொழிலை எடுத்துக்கோங்க. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைச்சது. மாலை மரியாதை எல்லாம் ஆச்சு. பட்டறையில அரத்தால ராவி லீவர் வெட்டுற ஆசாரிக்கு அதனால என்ன மாறிச்சு? அலிகாரிலிருந்து எந்திரப் பூட்டு மலிவா வந்து இறங்குது. ஒரு பட்டறைக்காரர் தனியா கம்ப்யூட்டர் வெட்டு எந்திரம் வாங்க முடியாது. ஆனா ஒரு பொது மையத்துல அந்த எந்திரம் இருந்தா, மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து உதிரி பாகத்தை வெட்டிக்கிட்டு, நுணுக்கமான பூட்டு வேலையைத் தன் கையாலேயே செய்யலாம். பூட்டுக்குப் பூட்டு ஒரு கியூ.ஆர். குறி போட்டா, இது அசல் திண்டுக்கல் பூட்டுன்னு வாங்குறவர் சரிபார்க்கலாம். கைத்திறன் அழியாம தொழில்நுட்பம் உள்ள வரும்.

மில்லுக்கும் அப்படித்தான். 60 லட்சத்துல பெரிய பகுதி எந்திரத்துக்குப் போகலாம். ஆனா வச்சதுக்கு அப்புறம் யார் பார்த்துக்கிறது? சாஃப்ட்வேர் தகராறு பண்ணினா கோவையிலிருந்து ஆள் வரணும். அது வரைக்கும் திரை கறுப்பா கிடக்கும். ஒரு மாசம் கிடந்தா, மேஸ்திரி பழைய நோட்டுப் புத்தகத்துக்கே போயிடுவார். திரையில வர்ற எழுத்து இங்கிலீஷ். சைடர் படிக்கிறது தமிழ். வடக்கிலிருந்து வந்த தம்பிக்கு இந்தி, ஒடியா. யாருக்கும் புரியாத திரையை வச்சு யாருக்கு லாபம்?

திண்டுக்கல் மாவட்டத்துல வருஷா வருஷம் இன்ஜினீயர் படிச்சு வெளிய வர்றாங்க. வந்ததும் பெங்களூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுறாங்க. ஒரு மில்லால ஒரு டேட்டா இன்ஜினீயருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. இருபது மில்லு சேர்ந்தா ஐந்து பேருக்குக் கொடுக்க முடியும். இதுக்கு ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம், கூட்டுறவு போதும்.

மாநில அரசு சில நல்ல காரியம் பண்ணியிருக்கு, அதையும் சொல்லணும். 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 மையங்களா மாத்துற திட்டம் நல்ல திட்டம். சென்னை டைடல் பூங்காவில் டான்சாம், டான்கேம் மாதிரி மையங்கள் 2022இல் வந்தன. ஆனா தாடிக்கொம்பு ஃபிட்டர் ஒரு சந்தேகம் கேட்க சென்னைக்கு ரயில் ஏற மாட்டார். மையம் மில்லுக்குப் பக்கத்துல வரணும்.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. 2020இல் முடிஞ்ச மூலதன மானியத் திட்டத்தை ஒன்றிய அரசு எல்லாச் சிறு தொழிலுக்கும் மறுபடி திறக்கணும். நூற்பாலையை ஒதுக்கக் கூடாது. முதல் முறையா டிஜிட்டலுக்கு மாறுற சிறு ஆலைக்குப் பாதிச் செலவை ஏத்துக்கணும்.

2. சிறு ஆலைகளுக்கு டிமாண்ட் சார்ஜைப் பயன்படுத்தின அளவுக்கு மட்டும் மாநில அரசு வசூலிக்கணும். கரண்ட் மிச்சம் பிடிக்கிற ஆலைக்கு அந்த மிச்சம் கையில நிக்கணும்.

3. திண்டுக்கல்லில் நூல், பூட்டு, தோல் மூணுக்கும் சேர்த்து ஒரு பொது டிஜிட்டல் சேவை மையம். எந்திரம் வாங்குறதுக்கு முன்னாடி ஓட்டிப் பார்க்க இடம், பழுது பார்க்க உள்ளூர் இன்ஜினீயர்கள், தமிழில் திரை, தமிழில் பயிற்சி.

4. பயிற்சி சூப்பர்வைசருக்கு மட்டும் இல்ல. சைடருக்கும் டாஃபருக்கும் ஃபிட்டருக்கும், ஷிப்ட் நேரத்திலேயே, சம்பளத்தோட.

5. சென்சார் தகவல் எந்திரத்துக்கு மட்டும். தொழிலாளியைத் தண்டிக்க, கூலி குறைக்க, ஆள் நிறுத்தப் பயன்படுத்தக் கூடாதுன்னு சங்கத்தோட எழுத்துல ஒப்பந்தம். மக்கள் பணத்துல மானியம் வாங்குற ஆலைக்கு இது கட்டாய நிபந்தனை.

அஞ்சாவதுதான் முக்கியம், தோழர்களே. மானியம் நம்ம வரிப்பணம். அதுல வாங்கின எந்திரம் நம்ம அக்கா தங்கச்சியையே வீட்டுக்கு அனுப்பினா, அதுக்குப் பேரு வளர்ச்சி இல்ல. முதலாளிக்குக் கணக்கு கட்டுப்படி ஆகணும், தொழிலாளிக்கு வேலை நிலைக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் எந்திரம் உள்ள வரும், வந்தது நிக்கும்.

அடுத்த தடவை யாராவது "நம்மாளுங்களுக்கு டெக்னாலஜி பிடிக்காதுங்க"ன்னு டீக்கடையில ஆரம்பிச்சா, சண்டை போடாதீங்க. ஒரு பேனாவும் துண்டுச் சீட்டும் வாங்கி, 1,55,000, 90,000, 1,26,000ன்னு மூணு எண்ணை எழுதிக் காட்டுங்க. அதுக்கு அப்புறம் அவர் பேசட்டும்.

மில்லுல வேலை பார்க்கிற உறவுக்காரங்க, மில்லு நடத்துற தெரிஞ்சவங்க, பூட்டுப் பட்டறை நண்பர்கள் எல்லாருக்கும் இதை அனுப்புங்க. உங்க மில்லோட கணக்கு இதுலேர்ந்து எங்க மாறுதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. மில்லு பேரோ உங்க பேரோ வேண்டாம், எண் மட்டும் போதும்.

எந்திரம் வரட்டும்! வேலை போகாமல் வரட்டும்!

#தாடிக்கொம்பு #திண்டுக்கல் #நூற்பாலை #சிறுதொழில்காப்போம் #தொழிலாளர்உரிமை